நடுவர் நாற்காலியில் யார்?

பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவு, கல்மண்டபம், இராயபுரம்

 

இந்த உரையை மேடையில் ஒருவர் வாசிக்கிறார். எழுதியது ஐந்து பேர். அதனால்தான் ‘நாங்கள்’. பண்டிதர் நினைவில் நடக்கும் சொற்பொழிவு என்றால் பூர்வ பௌத்தம், சாதிபேதமற்ற திராவிடர் என்று பெரிய தலைப்பை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாங்கள் பேசப்போவது ஒரு மரச்செதுக்குப் போட்டியைப் பற்றி. கல்மண்டபம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து இளைஞர்களுக்காக நம் அமைப்பு நடத்தவிருக்கும் போட்டி அது. அதற்கு யார் பெயர் கொடுக்கலாம், யார் தீர்ப்புச் சொல்லலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கே மூன்று மாலைகள் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பத் தொழில்’ என்றொரு கட்டம் வேண்டுமா என்பதில்தான் வாதம் தொடங்கியது. வேண்டும் என்றவர்களும் நம் தோழர்களே. அப்பாவின் பட்டறையில் பத்து வயதிலிருந்து இழைப்புளி தள்ளிய பிள்ளையையும், இன்றைக்குத்தான் உளியைக் கையில் எடுக்கும் பிள்ளையையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நியாயமா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. வேண்டாம் என்றவர்களோ, அந்தக் கட்டம் தொழிலைக் கேட்பதுபோலச் சாதியைக் கேட்கும் கட்டம் என்றார்கள். அதுவும் உண்மை. நம் ஊரில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஒருவர் கேட்டால், அவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் கட்டம் நாமாகக் கண்டுபிடித்ததல்ல. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 கைத்தொழில்கள், தச்சரும் உண்டு, படகு கட்டுபவரும் உண்டு. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், முதலில் ஒரு லட்சமும் பிறகு இரண்டு லட்சமும் 5 விழுக்காடு வட்டியில் கடன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘குடும்ப வழிப்பட்ட பாரம்பரியத் தொழில்’ என்பது அதன் அடிப்படை வரையறை. தமிழ்நாடு அரசு மூன்று திருத்தங்களைக் கேட்டது. குடும்பம் அந்தத் தொழிலில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும். குறைந்தபட்ச வயதை 18இலிருந்து 35 ஆக்க வேண்டும். பயனாளியைச் சரிபார்க்கும் பொறுப்பை ஊராட்சித் தலைவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலரிடம் மாற்ற வேண்டும். அது ஏற்கப்படாததால் 2024 நவம்பரில் இந்த வடிவில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று முதலமைச்சர் எழுதினார். 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் 25 தொழில்களோடு தொடங்கியது. அதில் குடும்பத் தொழில் நிபந்தனை இல்லை, சாதி வரம்பு இல்லை, வயது 35.

இந்த 35 என்ற எண் எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது. 18 வயதுப் பையனிடம் ‘கல்லூரி எதற்கு, அப்பன் தொழிலைப் பார், கடன் தருகிறோம்’ என்று சொல்லும் திட்டம் குலக்கல்விதான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த பாதிநாள் பள்ளித் திட்டத்தை எதிர்த்த மண்ணில் அதற்கு ஆதரவு தர முடியாது. 35 என்ற வரம்பு அந்த வாசலை அடைக்கிறது, சரி. ஆனால் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், தானோ மரத்தில் உருவம் செதுக்க ஆசைப்படுகிற 19 வயதுப் பெண், அவளுக்கு எந்த வாசல்? ஒரு திட்டம் ‘உன் பரம்பரை என்ன’ என்கிறது. இன்னொன்று ‘பொறு, வயதாகட்டும்’ என்கிறது. 1957இலிருந்து மாமல்லபுரத்தில் இருக்கும் அரசுக் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியும், 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசுக் கவின்கலைக் கல்லூரியும் இடஒதுக்கீட்டால்தான் அப்படிப்பட்ட பெண்ணுக்குக் கொஞ்சமாவது திறந்திருக்கின்றன. பாரம்பரியச் சிற்பம் என்ற பெயர்ப் பலகைக்குக் கீழே எந்தச் சாதிப் பிள்ளையும் உட்கார்ந்து உளி பிடிக்கலாம் என்பது சாத்திரம் தந்த உரிமையல்ல, சட்டம் தந்தது.

சாத்திரம் என்ன தந்தது என்று பார்ப்போம். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையில், தெய்வ உருவம் செய்ய மரம் தேடிக் காட்டுக்குள் போவது பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. அதில் மரங்களுக்கே வருணம் பிரித்திருக்கிறார்கள். தேவதாரு, சந்தனம், வன்னி, இலுப்பை பிராமணருக்கு நன்மை தரும். வேம்பு, அரசு, வில்வம் சத்திரியருக்கு. வைசியருக்கு வேறு சில. மா, மருதம், சால் போன்றவை சூத்திரருக்கு. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது. நமக்கு மரமே இல்லை! காட்டுக்குள் போய் மரத்தை வெட்டிச் சுமந்து வந்தவர்கள் யார் என்று அந்த அத்தியாயம் கேட்கவில்லை. நம் போட்டிக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி மாம்பலகை தரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். விலை குறைவு, ஆரம்பக் கைக்கு இணங்கும் என்பதுதான் காரணம். பிருகத் சம்ஹிதை பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நவீன காலத்துப் போட்டியும் நடுவர் குழுவும் நமக்கு வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை. 1855இல் சென்னையில் பெரும் பொருட்காட்சி ஒன்று நடந்தது. மரவேலை, உலோகம், துணி, தோல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நடுவர் குழு அமைத்து, அவர்களுடைய அறிக்கைகளையும் அச்சிட்டார்கள். அடுத்த வருடம்தான் நம் இராயபுரம் ரயில் நிலையம் திறந்தது. தொழிற்சாலையும் ரயிலும் கைத்தொழிலை விழுங்கத் தொடங்கிய அதே நேரத்தில் கைத்தொழிலுக்குப் பதக்கமும் கொடுக்கத் தொடங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

1886இல் லண்டனில் நடந்த காலனிய, இந்தியப் பொருட்காட்சி இன்னும் வேடிக்கை. அங்கே இந்தியக் கைவினைஞர்கள் முப்பத்துச் சொச்சம் பேரை உட்காரவைத்து வேலை செய்யச் சொல்லிக் காட்டினார்கள். அரண்மனைகளில் வேலை செய்யும் பரம்பரைக் கலைஞர்களைப் பார்க்கிறோம் என்று கூட்டம் நம்பியது. உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் ஆக்ரா மத்திய சிறைக் கைதிகள். சிறைக்குள் தொழில் கற்றவர்கள். அவர்களுடைய கை பொய் சொல்லவில்லை. நன்றாகவே வேலை செய்தார்கள். பொய் சொன்னது ‘பரம்பரை’ என்ற வார்த்தை. ரத்தத்தில் ஊறியது என்று பார்வையாளர்கள் வியந்தது பயிற்சியில் வந்த திறமையை.

1903 டெல்லி தர்பாரை ஒட்டி நடந்த கலைக் கண்காட்சிக்குக் கர்சன் போட்ட விதி, ஐரோப்பிய வாடை அடிக்கும் எதுவும் உள்ளே வரக் கூடாது என்பது. சுத்தமான இந்தியக் கலைக்கு மட்டுமே இடம், பதக்கம். எது சுத்தம் என்பதை முடிவு செய்பவர் வைசிராய்! அதே 1903இல் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய மரச்செதுக்கு வேலை பற்றி ஒரு நூல் எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தில் நம் மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, பிறகு ஏழு தொகுதிகளில் சாதிகளைப் பட்டியலிட்டாரே, அதே தர்ஸ்டன்தான். மண்டையை அளந்த கை மரத்தை மதிப்பிடும்போது மட்டும் வேறு கையாக ஆகியிருக்குமா என்று மாணவர்கள் யாராவது ஆய்வு செய்யலாம். எங்களுக்கு அதற்குள் போக நேரமில்லை.

இனி உள்ளூருக்கு வருவோம். கோயில் தேரைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மரச்செதுக்கு வேலையின் உச்சம் எது என்று எந்த நடுவரைக் கேட்டாலும் தேரைத்தான் காட்டுவார். அரும்பாவூர்க்காரர்களும் கள்ளக்குறிச்சிக்காரர்களும் செய்யும் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை நாமும் மகிழ்ச்சியோடு வரவேற்கிறோம். அந்தப் பட்டறைகளில் வியர்வை சிந்துபவர்கள் நமக்கு எதிரிகளல்ல. ஆனால் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் அப்படியொரு தேர் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? தலித்துகள் வடம் பிடிக்கும் உரிமை கேட்டதால் 1998இலிருந்து தகராறு. பிறகு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தேரே ஓடவில்லை. 2024 ஜூனில்தான், நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு, போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. வடம் என்பது கயிறு. செதுக்குவது கூட அல்ல, இழுப்பது. உழைக்க வருகிறேன் என்று சொன்னவனைத் தடுக்க ஒரு தேரையே ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கத் தயாராக இருந்தார்கள். நாம் கலை என்று வியக்கிற பொருளைச் சுற்றி யார் நிற்கலாம் என்பது இப்படித்தான் முடிவாகிவந்திருக்கிறது.

உழைப்பிலிருந்து நம்மைத் தள்ளிவைப்பது மட்டும் சாதியின் வேலை என்றால் பாதிதான் சொன்னவர்கள் ஆவோம். பல இடங்களில் உழைப்பு முழுக்க நம்முடையது. தீர்ப்பு மட்டும் அவர்களுடையது. மிருதங்கம் அதற்குச் சரியான சாட்சி. பலாமரக் கட்டையைக் குடைந்து, மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் எருமைத்தோலும் பதப்படுத்தி, வார் பிடித்து, கரணை வைத்து அந்த வாத்தியத்தைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவக் குடும்பத்தினர். கட்டையைத் தட்டிப் பார்த்து இது பேசும், இது பேசாது என்று சொல்வார்கள். வலந்தலையில் எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே சுருதி நிற்கிறதா என்று காதால் அளப்பார்கள். பாலக்காடு மணி ஐயரின் வாசிப்புக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்தின் காதும் கையும் இருந்தன. ஒரு வித்துவானின் விரலுக்கு எந்தத் தோல் பொருந்தும் என்று தீர்மானிக்கிறவர் நடுவரில்லாமல் வேறு யார்? ஒவ்வொரு நாளும் நூறு தீர்ப்பு சொல்கிறார். சபாவில் பட்டம் கொடுக்கும் மேடையில் அவருக்கு நாற்காலி இல்லை.

இதை டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020இல் புத்தகமாக எழுதினார். கலாக்ஷேத்ராவில் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அனுமதி கடைசி நேரத்தில் ரத்தானது. சமூக, பண்பாட்டு, அரசியல் முரண்களைத் தூண்டும் எதற்கும் அரசு நிறுவனமாக இடம் தர முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். விழா தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. எழுச்சித் தமிழர் திருமாவளவன் கலந்துகொண்டார். வாத்தியம் மேடையேறலாம், அதைச் செய்தவரின் கதை மேடையேறக் கூடாது. அந்தக் கதையையும் ஒரு பிராமண வித்துவான் எழுதித்தான் ஊர் கேட்டது என்பதில் எங்களில் இரண்டு பேருக்கு வருத்தம் உண்டு. மற்ற மூவர், எழுதினாரே, அதுவே பெரிது என்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

பண்டிதர் இந்த இடத்தில்தான் நமக்கு வேண்டும். 1907இல் இராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் முதல் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலையையே பெயரில் வைத்தார். அதில் அவர் செய்ததை வெறும் எதிர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று பதிவு செய்தார். பிறகு அந்தக் குறளுக்கே உரை எழுதினார். சுவடியைக் காப்பாற்றிக் கொடுத்தவன் கூலிக்காரன், பொருள் சொல்பவன் வேறொருவன் என்ற ஏற்பாட்டை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எது மூலம், எது இடைச்செருகல், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் தாமே உட்கார்ந்தார். யாரும் அழைக்கவில்லை. அவருடைய முடிவுகள் எல்லாவற்றையும் இன்றைக்கு நாம் ஏற்க வேண்டியதில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டியதும் இல்லை.

வடசென்னைப் பிள்ளைகள் போட்டிக்குப் பயந்தவர்கள் அல்ல என்பது ஊருக்கே தெரியும். ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிக்கொண்டு இந்தத் தெருக்களுக்குத்தான் திரும்பி வந்தார். குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் என்று நம் பக்கம் கொடி நட்டிருக்கும் துறைகளைக் கவனித்தீர்களா? காய் குழியில் விழுந்தால் விழுந்ததுதான். பந்து வலைக்குள் போனால் போனதுதான். நடுவருக்குப் பிடிக்கிறதா என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. செதுக்கு வேலையில் அப்படியில்லை. ‘நளினம்’, ‘அங்க லட்சணம்’, ‘மரபு’ என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டே ஒரு நடுவர் யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஏன் என்று கேட்டால், உனக்குப் புரியாது என்பார். ரசனை என்பது சாதி ஒளிந்துகொள்ள வசதியான இடம். அதனால் ரசனையே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது எதைப் பார்த்து வந்தது என்று கையால் தொட்டுக் காட்டச் சொல்கிறோம்.

தொட்டுக் காட்ட முடியும். நம்மோடு இந்த மூன்று மாலைகளும் உட்கார்ந்திருந்த பழைய தச்சர் ஒருவர் எங்களுக்குச் சொல்லித்தந்ததைச் சுருக்கித் தருகிறோம். செதுக்கிய பலகையை நேர்வெளிச்சத்தில் பார்க்கக் கூடாது. விளக்கைப் பக்கவாட்டில், பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அப்போது உருவத்தைச் சுற்றித் தோண்டி இறக்கிய தரை ஒரே ஆழத்தில் இருக்கிறதா, மேடும் பள்ளமுமாக இருக்கிறதா என்று நிழல் சொல்லிவிடும். உளி மரத்தின் ஓட்டத்தோடு போனால் வெட்டு பளபளக்கும். எதிராகப் போனால் நார் பிய்ந்து வரும். பிய்ந்ததை மறைக்கத்தான் உப்புத்தாள். முழுக்க உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய பலகையைப் பார்த்து அசந்துவிடாதீர்கள், முகத்தின் மூக்கோரத்தையும் கண்ணிமைக்குக் கீழேயும் பாருங்கள், தாள் போக முடியாத அந்த இடத்தில்தான் கை தெரியும் என்றார்.

பிறகு, உருவத்தைப் பலகையில் எப்படிப் படுக்கவைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பறையடிக்கும் குச்சி, மீன்பிடி வலையின் கயிறு, விரல் போன்ற மெல்லிய பகுதிகள் மரத்தின் ஓட்டத்தோடு நீளமாக வந்தால் நிற்கும். குறுக்கே வந்தால் இன்றில்லாவிட்டால் நாளை ஒடியும். வரையும்போதே இதை யோசித்திருக்கும் பிள்ளைக்கு, செதுக்கு கொஞ்சம் கரடாக இருந்தாலும், மரம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக, பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, ‘யாரும் பாக்கமாட்டாங்கன்னு நெனக்கிற எடத்துல ஆள் எப்படின்னு தெரிஞ்சுரும்’ என்றார்.

இப்படிப் பார்க்கத் தெரிந்தவருக்கு எந்தச் சாதியும் தேவையில்லை, எந்தப் பட்டமும் தேவையில்லை. உலகத் திறன் போட்டிகளில் தச்சு வேலைக்கும் மர இணைப்புக்கும் மதிப்பெண் போடும் முறையையும் பார்த்தோம். அளக்கக்கூடியதை அளக்கிறார்கள். அளக்க முடியாததற்கு மூன்று நடுவர்கள் தனித்தனியாக 0 முதல் 3 வரை ஒரே நேரத்தில் அட்டை காட்டுகிறார்கள். இரண்டு பேருக்கிடையே ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பேசிவிட்டு மறுபடி போட வேண்டும். தன் நாட்டுப் போட்டியாளருக்குத் தானே மதிப்பெண் போடக் கூடாது. அந்தக் கடைசி விதியை நம் ஊருக்கு மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துச் சிரித்தோம். நாட்டுக்குப் பதில் சாதி என்று வைத்தால், சில விருதுக் குழுக்களில் நடுவரே மிஞ்சமாட்டார்.

இப்போது நம் படிவம். ‘குடும்பத் தொழில்’ கட்டம் இல்லை. அதற்குப் பதில் ஒரே கேள்வி: ‘எத்தனை மாதமாக உளி பிடிக்கிறீர்கள்?’ ஆறு மாதத்துக்குக் குறைவானவர்கள் ஒரு பிரிவு, அதற்கு மேற்பட்டவர்கள் ஒரு பிரிவு. தச்சர் வீட்டுப் பிள்ளைக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கும் இருக்கும் வித்தியாசம் ரத்தத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அதனால் நேரத்தைக் கேட்கிறோம். வேண்டும் என்ற தோழர்களும் வேண்டாம் என்ற தோழர்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒரே வரி இதுதான். பொய் சொல்ல மாட்டார்களா என்று ஒருவர் கேட்டார். சொல்லலாம். முதல் நாள் உளியைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும் என்று தச்சர் சிரித்தார்.

நுழைவுக் கட்டணம் இல்லை. பலகையும் கருவியும் நாம் தருகிறோம்: கொட்டாப்புளி ஒன்று, தட்டை உளி இரண்டு, குழி உளி இரண்டு. சொந்தக் கருவி கொண்டுவரத் தடையில்லை. ஆனால் மின்கருவி கூடாது. பெண்கள் வீட்டில் தட்டிக்கொண்டிருந்தால் அக்கம்பக்கம் ஆயிரம் பேசும் என்பது தெரிந்ததால், போட்டிக்கு முந்தைய நான்கு வாரமும் மாலை ஆறு முதல் எட்டு வரை நம் அறை திறந்திருக்கும். அங்கே பழகலாம்.

பழகுவதற்கு மரம் வேண்டுமே. துறைமுகத்தைச் சுற்றியுள்ள கிடங்குகளிலிருந்து கழித்துப் போடும் பெட்டிப் பலகையும் தட்டுக்கட்டைகளும் நம் பகுதியில் மலிவு. அடுப்பெரிக்கப் போகிற அந்தப் பைன் மரத்தில் பழகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை. கப்பலில் வரும் மரப்பெட்டிகளில் கோதுமைக் கதிர் போன்ற முத்திரையும் பக்கத்தில் இரண்டு எழுத்துகளும் குத்தியிருக்கும். ‘எச்.டி.’ என்றால் பூச்சி சாவதற்காக மரத்தின் உட்பகுதி வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியது, அதை எடுக்கலாம். ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுப் புகை அடித்தது; அதைத் தொடவேண்டாம், எரிக்கவும் வேண்டாம். முத்திரையே இல்லாததும் எண்ணெயோ ரசாயனமோ சிந்தியதும் வேண்டாம். எண்ணூரிலும் மணலியிலும் இருக்கிற காற்று போதும் நமக்கு.

நடுவர்கள் மூவர். ஒருவர் தோல் வாத்தியம் செய்கிறவர். ஒருவர் தச்சர். ஒருவர் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தவர். பிரமுகர் யாரும் இல்லை. பரிசு கொடுக்க வேண்டுமானால் வரட்டும். பலகையில் பெயர் இருக்காது, எண் மட்டும். நடுவரின் உறவினரோ மாணவரோ போட்டியில் இருந்தால் அந்தப் பலகைக்கு அவர் மதிப்பெண் போட மாட்டார். ஒவ்வொரு பலகைக்கும் நடுவர் இரண்டு வரி எழுத வேண்டும்: எங்கே நன்றாக இருக்கிறது, எங்கே தவறியது. ‘நளினம் போதாது’ என்று எழுதினால் செல்லாது. எந்த இடத்தில், எந்த வெட்டில் என்று சொல்ல வேண்டும். முடிவு அறிவித்த பிறகு நடுவர்கள் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, யார் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும்.

எதைச் செதுக்க வேண்டும் என்று தலைப்பு தரவில்லை. பாதிப் பலகைகளில் பாபாசாகேப் வருவார் என்று எங்களுக்குத் தெரியும். வரட்டும். ஆனால் அவரைச் செதுக்கியதற்காக ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடையாது. இந்த விதிக்குத்தான் கூட்டத்தில் அதிக எதிர்ப்பு வந்தது. ‘நம் மேடையிலேயே இப்படியா’ என்றார்கள். பரம்பரைக்கு மதிப்பெண் போடும் நடுவரைக் கேள்வி கேட்கும் நாம், கொள்கைக்கு மதிப்பெண் போட்டால் பிள்ளைகளுக்கு என்ன கற்றுத்தருகிறோம்? பாபாசாகேபின் கண்ணாடி மரத்தில் கடினமான பகுதி. மெல்லிய வளையம், அதில் பாதி மரத்தின் ஓட்டத்துக்குக் குறுக்கே போகும். ஒடியாமல் செதுக்குவது லேசல்ல. ஒடிந்த இடத்தை மறைத்துக் கோட்டுக்கு நீலம் பூசினால் நடுவர் பக்கவிளக்கில் கண்டுபிடித்துவிடுவார். அவரை நன்றாகச் செதுக்கியவருக்கு, நன்றாகச் செதுக்கியதற்காகப் பரிசு கிடைக்கட்டும்.

எங்கள் ஐவரில் ஒருவர் இன்னும் இணங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். போட்டியே வேண்டாம் என்பது அவர் கட்சி. முதல், இரண்டாம், மூன்றாம் என்று மனிதரை ஏணியில் நிறுத்தும் பழக்கத்தை எதிர்க்கவே இயக்கம் வைத்திருக்கிறோம். எல்லாப் பலகைகளையும் சுவரில் மாட்டி மக்களைப் பார்க்கச் சொன்னால் போதாதா என்கிறார். எங்களிடம் முழுப் பதில் இல்லை. சாதி ஏணியில் படி பிறப்போடு வருகிறது. இங்கே தோற்றவர் அடுத்த வருடம் மேலே வரலாம் என்று சொன்னோம். ‘அடுத்த வருடம் வருகிற அளவுக்கு அவனுக்கு நேரமும் கூலியும் யார் கொடுப்பது?’ என்று திருப்பிக் கேட்டார். அதனால் அவருடைய யோசனையையும் சேர்த்துக்கொண்டோம். பரிசு பெற்றதும் பெறாததும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில், ஒரு வாரம் மாட்டியிருக்கும். ஒவ்வொரு பலகைக்கும் கீழே நடுவர் எழுதிய இரண்டு வரியும் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் அதற்குக் கீழே தங்கள் இரண்டு வரியை எழுத வெற்றுத் தாளும் பென்சிலும் வைக்கிறோம்.

படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித்தர மாணவத் தோழர்கள் இரண்டு பேர் அங்கே நிற்கட்டும். உளி தீட்டும் கல் யாரிடமாவது இருந்தால் கொண்டுவாருங்கள், எங்களிடம் இருப்பது இரண்டுதான்.